பைபோலாரில் சைக்கோசிஸ்: வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுகொள்வது?

வீட்டில் ஒருவருக்கு பைபோலார் என்று டாக்டர் சொல்லி, மருந்துச் சீட்டோடு திரும்பியாயிற்று. ஒரு காலம் அளவு மீறிய உற்சாகம் (இதைத்தான் மேனியா என்கிறார்கள்), இன்னொரு காலம் எழுந்திருக்கவே முடியாத சோர்வு என்பது வரை எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அப்புறம் ஒரு நாள் அவர் தன் செல்போனை அலுமினியத் தாளில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கிறார். ஏன் என்று கேட்டால், “சத்தமாப் பேசாதே, கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்குக் கை கால் ஓடாது. டாக்டர் சொன்ன நோய் இது இல்லையோ, புதிதாக வேறு ஏதோ வந்துவிட்டதோ என்று தோன்றும்.

புதிதாக எதுவும் வந்திருக்க வேண்டியதில்லை. முழு மேனியா வருகிற பைபோலார் முதல் வகை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாழ்நாளில் ஒரு தடவையாவது சைக்கோசிஸைச் சந்திக்கிறார்கள். இல்லாத குரல் கேட்பது, நடக்காத ஒன்றை நடப்பதாக அசையாமல் நம்புவது, யோசனையின் கோர்வை அறுந்துபோவது போன்றவற்றைத்தான் சைக்கோசிஸ் என்கிறார்கள். இரண்டாம் வகை பைபோலாரில் இது குறைவு. அதில் வரும் மிதமான எழுச்சிக்கு ஹைபோமேனியா என்று பெயர். அந்தக் காலத்தில் சைக்கோசிஸ் சேர்ந்துவிட்டால் அதை டாக்டர்கள் ஹைபோமேனியாவாக எடுத்துக்கொள்வதில்லை, முழு மேனியா என்றே கணக்கில் வைப்பார்கள்.

நான் டாக்டர் இல்லை. வீட்டில் ஒருவரை இந்த நோயோடு பல வருடமாகப் பார்த்துக்கொள்பவன். நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலையும் இல்லை. ஆனால் டாக்டர் அவரைப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு தடவை, சில நிமிஷம். மாற்றம் முதலில் கண்ணில் படுவது கூடவே இருக்கும் நமக்குத்தான். என்ன மாறியிருக்கிறது, எப்போதிருந்து, அவர் மனநிலை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்ற மூன்றையும் சரியாகச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில், அவருடைய வழக்கம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

நன்றாக இருக்கும் காலத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்குவார், எவ்வளவு பேசுவார், சாமி கும்பிடுவதில் எவ்வளவு ஈடுபாடு, பணத்தில் கையிறுக்கமா தாராளமா, சந்தேகப்படும் சுபாவம் உண்டா? இயல்பிலேயே வாய் ஓயாமல் பேசுகிறவர் நிறையப் பேசினால் அது செய்தி இல்லை. மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மாமா காலையிலிருந்து தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திப் பேசினால் அது செய்தி.

ஊர் உலகத்துக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இதில் உதவாது. அவரை அவரோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தூக்கத்தைக் கவனியுங்கள்

ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிக்க முடியும் என்றால், தூக்கத்தைத்தான் சொல்வேன். மேனியாவில் தூக்கம் குறையும், ஆனால் களைப்பு இருக்காது. இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு விடிகாலையில் அலமாரியை எல்லாம் காலி செய்து மறுபடி அடுக்கிக்கொண்டிருப்பார். கேட்டால் ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்பார். சாதாரணத் தூக்கமின்மையில் மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். இங்கே அப்படி இருக்காது. வித்தியாசமே அதுதான்.

தூக்கம் குறைவது அறிகுறி மட்டும் இல்லை, அடுத்த எழுச்சியைத் தூண்டிவிடுவதும் அதுதான். கல்யாண வேலை, இரவு ஷிப்ட், ராத்திரி பஸ் பயணம், பரீட்சைக்குக் கண்விழிப்பு என எதுவும் காரணமாகலாம். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூக்கம் சட்டென்று குறைந்தால், விசித்திரமாக எதுவும் பேச ஆரம்பிக்கும் முன்பே டாக்டருக்குப் போன் செய்துவிடுவது நல்லது. சைக்கோசிஸ் தெரியும்வரை காத்திருந்தால் அதை அடக்க அதிக மருந்தும் அதிக நாளும் பிடிக்கும்.

அடுத்து, சைக்கோசிஸின் அடையாளங்கள்

வீட்டில் அதிகம் கண்ணில் படுவது பிடிவாதமான பொய்நம்பிக்கை. டாக்டர்கள் டெலூஷன் என்பார்கள். தவறாக ஒன்றை நினைப்பது எல்லோருக்கும் உண்டு. ஆதாரம் காட்டினால் மாற்றிக்கொள்வோம். இதில் ஆதாரம் எடுபடாது. காட்டுகிற ஆதாரமே சதியின் பாகமாகிவிடும். ‘பக்கத்து வீட்டில் யாரும் இல்லை, பூட்டியிருக்கிறது பார்’ என்று அழைத்துப் போய்க் காட்டினால், ‘அதுக்குத்தான் பூட்டி வச்சிருக்கான்’ என்று பதில் வரும். இன்னொரு வகை, எல்லாமே தன்னைக் குறித்து நடப்பதாகத் தோன்றுவது. செய்தி வாசிப்பவர் தனக்குத்தான் ஏதோ ரகசியம் சொல்கிறார், எதிரே வந்த வண்டியின் நம்பர் தனக்கான தகவல், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கள் எல்லாம் தன்னை வைத்துத்தான் போடப்படுகின்றன என்பார். வெளியில் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருப்பவர்களும் உண்டு. ஜன்னல் எல்லாம் பகலிலும் சாத்தியிருப்பது, டிவியைத் துணிபோட்டு மூடுவது, வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கடையில் வாங்கிய பிரிக்காத பொட்டலத்தை மட்டும் சாப்பிடுவது போன்ற செய்கைகள்தான் அப்போது காட்டிக்கொடுக்கும்.

பிரமை என்பது இல்லாததைப் புலன்கள் உணர்வது. குரல் கேட்பதுதான் அதிகம். தனக்குக் குரல் கேட்கிறது என்று யாரும் வந்து சொல்வதில்லை. யாரும் கூப்பிடாமலே திரும்பிப் பார்ப்பார், காதைச் சாய்த்துக் கேட்பார், தனியாக இருக்கும்போது பதில் சொல்லுவார், பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்றுவிடுவார், எப்போதும் ஹெட்போன் போட்டுக்கொண்டே இருப்பார். புளூடூத்தில் பேசிக்கொண்டே நடக்கிறவர்கள் நிறைந்த காலத்தில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம்தான்.

மூன்றாவது, பேச்சின் கோர்வை. மேனியாவில் யோசனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடும். ரேஷன் கடையில் ஆரம்பித்து, அங்கிருந்து ரயில், ரயிலிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து ராக்கெட் என்று சத்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டே பேச்சு தாவும். ஆரம்பத்தில் கேட்கிறவருக்குத் தொடர்பு புரியும், சிரிப்பும் வரும். முற்றிப்போனால் எதோடு எது சேருகிறது என்றே பிடிபடாது.

மனநிலையோடு சேர்த்துப் பாருங்கள்

பைபோலாரில் சைக்கோசிஸ் பெரும்பாலும் அப்போதைய மனநிலையின் நிறத்தில்தான் வரும். மேனியா காலத்தில் பெருமை: தனக்கு விசேஷ சக்தி வந்திருக்கிறது, முதலமைச்சர் தன் போனுக்காகக் காத்திருக்கிறார், மின்சாரமே இல்லாமல் ஓடும் மோட்டாரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வரும். பெருமையின் மறுபக்கமாகச் சந்தேகமும் வரும். இவ்வளவு பெரிய விஷயம் கையில் இருக்கிறது, அதனால்தான் பின்தொடர்கிறார்கள் என்பது அவருடைய கணக்கு. இதில் ஊர் கூடிவிடும் என்பதால் யாரும் கவனிக்காமல் விடுவதில்லை.

தவறவிடுவது மனச்சோர்வில் வருவதைத்தான். அது சத்தம் போடாது. பென்ஷன் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் பெரியவர், ‘கையில ஒண்ணுமில்ல, நாளைக்கு எல்லாரும் தெருவுலதான்’ என்று முணுமுணுப்பார். பாஸ்புக்கைக் காட்டினால் அந்த எண்களைப் பார்ப்பார், பேங்கில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்பார். தான் சாப்பிட்டால் பேரப்பிள்ளைகளுக்குக் குறைந்துவிடும் என்று தட்டைத் தள்ளிவைப்பார். இன்னொருவர் குடல் அழுகிவிட்டது என்று ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பார். எப்போதோ செய்த சின்னத் தப்புக்குப் போலீஸ் வரப்போகிறது என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவரும் உண்டு. வீட்டில் இதை ‘வயசாச்சு, புலம்பறார்’ என்று விட்டுவிடுவார்கள். குற்றவுணர்வும் நாசமாகிவிட்டோம் என்ற எண்ணமும் பொய்நம்பிக்கையாக உறைந்துபோன இந்த நிலையில்தான் தற்கொலை ஆபத்து அதிகம். சாப்பாடு தண்ணீர் குறைவதால் உடம்பும் வேகமாகக் கெடும்.

மனநிலைக்குப் பொருந்தாத சைக்கோசிஸும் பைபோலாரில் உண்டு. அதனால் பொருந்தவில்லை என்றவுடன் வேறு நோய் என்று நாமே முடிவு கட்டவேண்டாம். ஆனால் டாக்டரிடம் தவறாமல் சொல்லவேண்டிய ஒன்று உண்டு: மனநிலை சமனாக இருந்த நாட்களிலும் குரல் கேட்டதா, சந்தேகம் இருந்ததா? மனநிலை மாற்றம் எதுவும் இல்லாமல் இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல் சைக்கோசிஸ் மட்டும் இருந்திருந்தால், ஸ்கிசோஅஃபெக்டிவ் என்ற வேறு நோயாக இருக்குமோ என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். மருந்துத் திட்டமும் அதற்கேற்ப மாறலாம்.

சாமி வந்ததா, நோயா?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கோயில் கொடையில் உடுக்குச் சத்தத்துக்கு அருள் வந்து ஆடுகிற அம்மாவுக்கு சைக்கோசிஸ் இல்லை. அது நேரம் பார்த்து வருகிறது, சுற்றி நிற்பவர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள், மேளம் ஓய்ந்து திருநீறு பூசித் தண்ணீர் கொடுத்தால் முடிந்துவிடுகிறது, மறுநாள் அவர் வழக்கம்போல் மாவு அரைக்கிறார். நோயில் அந்த எல்லைகள் இருக்காது. வேளை இல்லை, இடம் இல்லை, தூக்கம் இல்லை. அதே நம்பிக்கை உள்ள சொந்தக்காரர்களுக்கே ‘இது வேற மாதிரி இருக்கே’ என்று படும். அந்தப் பார்வையை மதியுங்கள். அதே கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

செய்வினை, காத்து கருப்பு என்று பெரியவர்கள் சொன்னால் அவர்களோடு சண்டை போட்டு நாளை வீணாக்கவேண்டாம். மந்திரிப்பதும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்பது என் கட்சி. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது: மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்திலும் கட்டிப்போடுகிற இடத்திலும் அவரை விடக்கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

உடம்பு காரணமா என்று பாருங்கள்

எல்லாப் பிதற்றலும் பைபோலார் இல்லை. நேற்றுவரை சரியாக இருந்தவர் சில மணி நேரத்தில் குழம்பி, நாள் கிழமை தெரியாமல், ஒரு நேரம் தெளிந்தும் ஒரு நேரம் மங்கியும் இருந்தால், அதோடு காய்ச்சலும் இருந்தால், அது டெலிரியமாக, அதாவது உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். சுவரில் பூச்சி ஓடுகிறது, ஆள் நிற்கிறது என்று கண்ணுக்கு எதுவோ தெரிவது அதில் அதிகம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றே இதற்குப் போதும். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வருவதும் இந்த வகைதான். இவற்றுக்கு நேராகப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

மனநிலையைச் சமன்படுத்தக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடுகிறவராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு ஏறினால் கை நடுக்கம் அதிகமாகும், வாந்தி பேதி வரும், நடை தள்ளாடும், நாக்கு குழறும், பிறகு குழப்பமும் வரும். வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், வயிற்றுப்போக்கு கண்டாலும், மூட்டு வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போட்டாலும் அளவு ஏறிவிடும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். குழறலும் குழப்பமும் இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கவேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கஞ்சா, ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ கொடுத்த ஸ்டீராய்டு, தைராய்டுக் கோளாறு, பைபோலார் என்று தெரியாத டாக்டர் சோர்வுக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிடிப்ரசன்ட் ஆகியவையும் எழுச்சியையோ சைக்கோசிஸையோ கிளப்பிவிடலாம். அதனால் அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

பிரசவமான பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், சைக்கோசிஸ் வருகிறது. பைபோலார் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருப்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது, கண நேரத்தில் மனநிலை மாறுவது எதுவானாலும், ‘பச்சை உடம்பு, சரியாயிடும்’ என்று காத்திருக்கக்கூடாது. தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அவரிடம் எப்படிப் பேசுவது

வாதாடாதீர்கள். ஆமாம் போடவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அவருக்குத் தோன்றுவது பொய்யாக இருக்கலாம், அதனால் வரும் பயம் பொய் இல்லை. அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு பேசலாம்.

“அக்கா, சாப்பாட்டுல எதையோ கலக்கறாங்க” என்கிறான் தம்பி. “அப்படித் தோணினா பயமாத்தான்டா இருக்கும். எனக்கு அப்படித் தெரியல, ஆனா நீ பயந்துபோயிருக்கேன்னு தெரியுது. வா, நான் சாப்பிடற தட்டுலயே சேர்ந்து சாப்பிடலாம். ரெண்டு நாளா நீ தூங்கவே இல்ல, அதுக்கு மட்டும் டாக்டரைப் பார்த்துட்டு வருவோமா?” இந்தப் பதிலில் பொய் இல்லை, கேலி இல்லை. அவன் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு காரணமும் இருக்கிறது. தனக்கு நோய் என்பதை நிறையப் பேர் அந்த நேரத்தில் ஏற்கமாட்டார்கள். ஏற்கமுடியாமல் போவதும் நோயின் வேலைதான். தூக்கமில்லை, தலை வலிக்கிறது, உடம்பு இளைத்துவிட்டது என்பதை ஏற்றுக்கொள்வார்கள்.

நாலு பேர் சூழ்ந்து நின்று பேசுவது, பின்னால் போய் நிற்பது, அவர் முன்னால் குசுகுசுவென்று பேசுவது, கோயிலுக்கு என்று பொய் சொல்லி மருத்துவமனையில் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் சந்தேகத்துக்கு நெய் ஊற்றும். டிவியை அணைத்து, ஒருவர் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

குரல் கேட்கிறது என்று தெரிந்தால், அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ‘செத்துப்போ’, ‘அவனை அடி’ என்று கட்டளை இடுகிறதா என்று தெரிந்தாக வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்குக் கேட்ட பிறகுதான் மூச்சே விட முடிகிறது.

எழுதி வையுங்கள்

டாக்டரிடம் ‘ஒரு மாதிரியா இருக்கார் சார்’ என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் தேதி போட்டு எழுதுங்கள். இப்படி:

“செவ்வாய்: இரவு 1.30க்குப் படுத்தார், 4 மணிக்கு எழுந்தார், களைப்பு இல்லை. புதன்: 3 மணி நேரத் தூக்கம். புதுக் கம்பெனிக்கு என்று 40 விசிட்டிங் கார்டு மாதிரி எழுதினார். ஜிபேயில் தெரியாதவர்களுக்குப் பணம் அனுப்பினார். வியாழன்: ‘ரேடியோ என் பேரைச் சொல்லுது’ என்றார். ரேடியோ அணைத்துத்தான் இருந்தது. ராத்திரி மாத்திரையைத் துப்பியிருக்கிறார், வாஷ்பேசினில் பார்த்தோம்.”

இதில் ஒரு கருத்தும் இல்லை, ஆனால் டாக்டருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. அவர் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால், தாளை நர்ஸிடம் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், சொந்தத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்ற தகவலையும் கூட வையுங்கள்.

எப்போது காத்திருக்கக்கூடாது

உயிரை விடுவதைப் பற்றிய பேச்சு அல்லது முயற்சி, கட்டளையிடும் குரல், யாரையாவது தாக்கப்போகும் கோபம், ஒரு நாள் முழுக்கச் சாப்பாடும் தண்ணீரும் தொடாமல் இருப்பது, அசையாமல் பேசாமல் உறைந்துபோவது, பறக்க முடியும், வண்டி மோதாது என்கிற மாதிரியான நம்பிக்கை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போகவேண்டும். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, மாத்திரைப் பெட்டி, வண்டிச் சாவி மூன்றையும் அப்புறப்படுத்துங்கள். லித்தியம் அட்டை மொத்தமாக அவர் கையில் இருக்கக்கூடாது. அதிகமாகச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத இரவில் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். ஆம்புலன்சுக்கு 108. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணைக் கூப்பிடலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. அந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிற வழக்கம் இன்னும் போகவில்லை, அது தேவையில்லாத பயம். மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அவர் வர மறுத்தால் என்ன செய்வது என்பதுதான் எல்லோருக்கும் பெரிய பயம். 2017 சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் நிலையிலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலோ ஒருவர் இருந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர், விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒத்துக்கொண்டால், 30 நாள் வரை அனுமதித்து சிகிச்சை தரலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கவேண்டாம்.

தெளிந்த பிறகு செய்யவேண்டியது

சைக்கோசிஸ் அடங்கியவுடன் மாத்திரையை நிறுத்திவிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. சைக்கோசிஸை அடக்கக் கொடுக்கும் ஆன்டிசைக்கோட்டிக் மருந்தில் எடை கூடும், தூக்கம் அழுத்தும், கை விறைக்கும். இந்தத் தொல்லைகள் உண்மையானவை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். சொல்லாமல் நிறுத்தினால் சில வாரத்தில் பழைய கதை.

அவர் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில், காபி குடித்துக்கொண்டே, போன தடவை முதலில் மாறியது எது என்று அவரிடமே கேளுங்கள். வீட்டாருக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லுவார்: நிறங்கள் பளிச்சென்று தெரிந்தன, பாட்டில் அர்த்தம் அதிகமாகத் தோன்றியது என்கிற மாதிரி. ஒவ்வொருவருக்கும் இந்த முன்னறிகுறி பெரும்பாலும் ஒரே வரிசையில் திரும்பி வரும் என்பதால் இந்த ஒரு தகவல் பெரிய உதவி. அப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அறிகுறி வந்தால் யார் அவரிடம் பேசுவது, ஏடிஎம் கார்டு யாரிடம் போகும், எந்த டாக்டர், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை. எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் முடிவெடுக்க யார் என்று முன்கூட்டியே எழுத்தில் வைக்கும் உரிமையையும் 2017 சட்டம் அவருக்குத் தருகிறது. அதைப் பதிவுசெய்யும் முறையை மருத்துவமனையில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். எழுதிய தாளில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு நகலை டாக்டரின் ஃபைலில் வைத்துவிட்டு, இன்னொன்றை மாத்திரை டப்பாவோடு வையுங்கள்.